பிரதி அமைச்சர் பாராளுமன்றத்தில் என்ன பேசினார்? ஹன்சாட்டைத் தேடிப் படிப்பவர்களுக்கான கேள்வி பதில்

தேர்தல் முடிந்து கொஞ்சக் காலம் போனதும் ஊரில் எழும் கேள்வி, "எங்கட ஆள் பாராளுமன்றத்தில வாய் திறந்தாரா?" என்பதுதான். அந்த ஆள் பிரதி அமைச்சராகவும் ஆகிவிட்டால் எதிர்பார்ப்பு இன்னும் கூடும். முகநூலில் இரண்டு நிமிட வீடியோவைப் பார்த்துவிட்டு ஒருவர் "வெளுத்து வாங்கிவிட்டார்" என்பார். அடுத்தவர் "ஒரு சொல்லும் பேசவில்லை" என்று எழுதுவார். இரண்டு பேரின் கூற்றையும் சரிபார்க்க ஹன்சாட் என்று அச்சில் ஒரு பதிவு இருக்கிறது. அதை எங்கே தேடுவது, எடுத்ததை எப்படி எடைபோடுவது என்று பலர் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாம் இலங்கைப் பாராளுமன்றத்தைப் பற்றியவை.

பிரதி அமைச்சர் என்பவர் யார்? அமைச்சரவையில் அவருக்கு இடம் உண்டா?

இடம் இல்லை. ஓர் அமைச்சரவை அமைச்சரின் கடமைகளில் துணைபுரிவதற்காகப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரை ஜனாதிபதி பிரதி அமைச்சராக நியமிக்கிறார். அமைச்சரவைக் கூட்டத்தில் அவர் உட்காருவதில்லை. அமைச்சர் விரும்பினால் தன் அதிகாரங்களில் சிலவற்றை வர்த்தமானி அறிவித்தல் மூலம் அவரிடம் ஒப்படைக்கலாம். அப்படி ஒப்படைத்திருக்கிறாரா இல்லையா என்பது பேச்சிலேயே ஓரளவு தெரிந்துவிடும். கையில் பொறுப்பு உள்ளவர் "இந்த மாதத்துக்குள் செய்கிறோம்" என்று சொல்வார். பெயருக்குப் பதவியில் இருப்பவர் "அமைச்சரின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு உண்டு. 2015இல் வந்த 19ஆவது திருத்தம் அமைச்சரவையை 30 பேருக்குள்ளும், அமைச்சரவைக்கு வெளியிலுள்ள அமைச்சர்களையும் பிரதி அமைச்சர்களையும் சேர்த்து 40 பேருக்குள்ளும் அடக்கியது. தேசிய அரசாங்கம் அமைந்தால் மட்டும் பாராளுமன்றம் அதை மாற்றலாம். 2024 நவம்பர் பொதுத் தேர்தலுக்குப் பிறகு 29 பேர் பிரதி அமைச்சர்களாகப் பதவியேற்றார்கள்.

இராஜாங்க அமைச்சரும் பிரதி அமைச்சரும் ஒன்றா?

வேறு வேறு. இராஜாங்க அமைச்சர் அமைச்சரவைக்கு வெளியில் இருக்கும் அமைச்சர்; பிரதி அமைச்சர் ஓர் அமைச்சருக்குத் துணையாக இருப்பவர். அரசாங்கம் மாறும்போது ஒரு பதவி குறைந்து மற்றது கூடும். ஆகவே ஒரு துறையின் வரலாற்றைப் பின்னோக்கித் தேடுகிறவர்கள் இரண்டு பதவிப் பெயர்களையும் போட்டுத் தேட வேண்டும்.

இந்தப் பதவிக்காரர் சபையில் பேசுவது அவ்வளவு முக்கியமா? அமைச்சரே பேசலாமே?

அமைச்சர் அந்தச் சபையில் இல்லாவிட்டால்? அப்படி நடந்திருக்கிறது. சோல்பரி அரசியலமைப்புக் காலத்தில் இந்தப் பதவிக்குப் பாராளுமன்றக் காரியதரிசி என்று பெயர். 1972 குடியரசு அரசியலமைப்புத்தான் அதைப் பிரதி அமைச்சர் ஆக்கியது. 1965இல் டட்லி சேனாநாயக்கவின் அரசாங்கத்தில் தமிழரசுக் கட்சி சார்பில் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். அவர் செனட்டர், அதாவது மேற்சபை உறுப்பினர். மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த பிரதிநிதிகள் சபையில் அவர் உறுப்பினர் அல்ல. அந்தச் சபையில் அவருடைய அமைச்சுக்காக எழுந்து நின்றவர் பாராளுமன்றக் காரியதரிசியாக இருந்த ரணசிங்க பிரேமதாச. 1968இல் திருச்செல்வம் பதவி விலகியதும் பிரேமதாசவே உள்ளூராட்சி அமைச்சரானார். பிறகு அவர் பிரதமராகவும் ஜனாதிபதியாகவும் போனது எல்லோருக்கும் தெரிந்த கதை.

செனட் சபை 1971இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் அதே நிலைமை வேறு வடிவத்தில் இன்றும் இருக்கிறது. ஜனாதிபதி சில அமைச்சுகளைத் தன் கையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் பாராளுமன்ற உறுப்பினர் அல்ல. 2024 நவம்பரில் அநுர குமார திசாநாயக்க பாதுகாப்பு, நிதி, டிஜிட்டல் பொருளாதாரம் ஆகியவற்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். இப்படிப்பட்ட அமைச்சில் தினசரி வினாக்களுக்கு விடை சொல்வது பெரும்பாலும் பிரதி அமைச்சரின் தலையில்தான் விழும். அவருடைய பேச்சுப் பதிவைத் தோட்ட வீடமைப்புக்கோ மீன்பிடிக்கோ உள்ள ஒரு பிரதி அமைச்சரின் பதிவோடு எண்ணிக்கையில் ஒப்பிடுவது நியாயமில்லை. மற்றவருக்கு முன்வரிசையில் ஓர் அமைச்சர் இருக்கிறார், இவருக்கு இல்லை.

அவர் பேசியது எங்கே பதிவாகிறது?

ஹன்சாட்டில். பாராளுமன்ற விவாதங்களின் அதிகார அறிக்கை அதுதான். ஒவ்வோர் அமர்வு நாளுக்கும் ஒரு பிரதி. முதலில் பிழை திருத்தப்படாத பிரதி வெளிவரும். உறுப்பினர்கள் திருத்தங்களைக் குறித்து, அந்தப் பிரதி கிடைத்த இரண்டு வாரங்களுக்குள் ஹன்சாட் பதிப்பாசிரியருக்கு அனுப்ப வேண்டும். அப்புறம்தான் இறுதிப் பதிப்பு. ஆகவே யாராவது ஹன்சாட்டைக் காட்டி வாதாடினால், எந்தப் பிரதி என்று முதலில் கேளுங்கள்.

பாராளுமன்ற இணையத்தளத்தில் திகதி வாரியாகப் பீடிஎஃப் கோப்புகள் கிடைக்கின்றன. மிகப் பழைய தொகுதிகள் வேண்டுமானால் பெரிய நூலகங்களையும் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தையும் நாடலாம்.

ஹன்சாட் தமிழில் கிடைக்குமா?

இதைத்தான் அதிகம் பேர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். ஹன்சாட் மொழிபெயர்ப்பு அல்ல. யார் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அச்சாகும். அரசியலமைப்பின்படி ஓர் உறுப்பினர் சிங்களம், தமிழ் என்ற தேசிய மொழிகளில் எதிலும் சபையில் தன் கடமையைச் செய்யலாம். ஆங்கிலமும் பேசப்படுகிறது. சபைக்குள் காதுக்கருவி மூலம் உடனுக்குடன் உரைபெயர்ப்புக் கேட்கும். ஆனால் அந்த உரைபெயர்ப்பு ஹன்சாட்டில் ஏறாது.

இதன் விளைவு நமக்கு நேரடியாக உறைக்கும். யாழ்ப்பாணத்து உறுப்பினர் தமிழில் ஒரு மேலதிகக் கேள்வி கேட்கிறார், பிரதி அமைச்சர் சிங்களத்தில் விடை சொல்கிறார் என்று வையுங்கள். ஒரே பக்கத்தில் கேள்வி தமிழிலும் விடை சிங்களத்திலும் இருக்கும். தமிழ் மட்டும் வாசிப்பவர் பாதி உரையாடலைத்தான் காண்பார். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விடையைச் சொல்லுக்குச் சொல் கேட்டு எழுதிக்கொள்வதுதான் வழி. தமிழ் பேசும் மாவட்டங்களின் பிரச்சினைகளுக்கான விடைகள் பல வருடங்களாக இப்படி வாசிக்கப்படாமலே கிடக்கின்றன என்பது எனக்கு உண்மையாகவே மனவருத்தம் தருகிற விடயம். ஒரு மாவட்டத்துக்கு ஒருவர் இந்த வேலையைத் தொடர்ந்து செய்தாலே நிலைமை வேறாக இருக்கும்.

ஒருவருடைய பேச்சை இத்தனை பக்கங்களுக்குள் எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்பக்கத்தில் பிரதான உள்ளடக்கம் இருக்கும். அன்றைக்கு எந்த வினாக்கள், எந்தச் சட்டமூலம், எந்தப் பிரேரணை என்று அதில் தெரியும். அதற்குப் பிறகு பெயரைத் தேடுங்கள். ஒவ்வொரு பேச்சாளரின் பெயரும் பேச்சுக்கு முன்னால் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அச்சிடப்படுகிறது. பழைய கோப்புகளில் தமிழ் எழுத்தில் தேடினால் பல தடவை ஒன்றும் அகப்படாது, எழுத்துருச் சிக்கல். பெயரின் ஆங்கில வடிவத்தைப் போட்டுத் தேடினால் கிடைத்துவிடும். அதோடு அவருடைய பதவிப் பெயரையும், அமைச்சின் பெயரையும் தனியே தேடிப் பாருங்கள்.

பேச்சு எப்படித் தொடங்குகிறது என்பதையும் கவனியுங்கள். "சபாநாயகர் அவர்களே" என்றால் சபை வழமையாகக் கூடியிருக்கிறது. "தலைமைதாங்கும் உறுப்பினர் அவர்களே" என்றால் சபாநாயகர் ஆசனத்தில் வேறோர் உறுப்பினர் அமர்ந்திருக்கிறார். பெரும்பாலும் பிற்பகல் நேரம், சபையில் ஆட்கள் குறைவு. சபை கூட வேண்டிய நடப்பெண்ணே, அதாவது குறைந்தபட்ச வருகையே, 225 பேரில் 20தான். "தவிசாளர் அவர்களே" என்று தொடங்கினால் குழுநிலை விவாதம், அதாவது முழுச் சபையும் ஒரு குழுவாகக் கூடி விவரமாக ஆராயும் கட்டம். ஒரே மனிதர் இந்த மூன்று இடங்களிலும் மூன்று விதமாகப் பேசுவார்.

எவ்வளவு நேரம் பேசினார் என்று தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். விவாத உரைகளின் தொடக்கத்தில் "மு.ப. 10.45", "பி.ப. 2.15" என்று சதுர அடைப்புக்குள் நேரம் போட்டிருக்கும். அடுத்த பேச்சாளரின் நேரத்திலிருந்து கழித்துப் பாருங்கள். இடையில் குறுக்கீடு, ஒழுங்குப் பிரச்சினை எல்லாம் வந்திருந்தால் அவையும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்திருக்கும். உரைக்கான நேரத்தைக் கட்சிகளின் கொறடாக்கள் முன்கூட்டியே பங்கிடுகிறார்கள். ஆகவே ஒருவர் ஐந்து நிமிடம் மட்டும் பேசினார் என்றால் அவருக்கு ஐந்து நிமிடம்தான் கிடைத்திருக்கலாம்.

பிரதி அமைச்சரின் பதிவில் முதலில் எதைப் படிக்க வேண்டும்?

என்னைக் கேட்டால் வாய்மூல விடைக்கான வினாக்களைத்தான் சொல்வேன். விவாத உரை ஒருவர் தானாகத் தயாரித்துக்கொண்டு வருவது. தனக்குப் பிடித்ததைப் பேசலாம், பிடிக்காததை விடலாம். வினாவில் அது நடக்காது. இன்னொருவர் கேட்டதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

வினாவின் அமைப்பைப் பார்த்தால் இது விளங்கும். ஒரு மாதிரியை நானே அமைக்கிறேன். ஒரு பிரதேச வைத்தியசாலையில் வைத்தியர் பற்றாக்குறை என்று வைத்துக்கொள்வோம். வினா இப்படி வரும்: "(அ) (i) மேற்படி வைத்தியசாலைக்கு அனுமதிக்கப்பட்ட வைத்தியர்களின் எண்ணிக்கை யாதென்பதையும், (ii) தற்போது கடமையாற்றுவோரின் எண்ணிக்கை யாதென்பதையும், (iii) வெற்றிடங்கள் நிரப்பப்படும் திகதி யாதென்பதையும் அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா? (ஆ) இன்றேல், ஏன்?"

இப்போது விடையைப் பகுதி பகுதியாகப் பொருத்திப் பாருங்கள். முதலாவதற்கு ஓர் எண், இரண்டாவதற்கு ஓர் எண். மூன்றாவதற்கு ஒரு திகதி வந்திருக்க வேண்டும். அங்கே "அடுத்த நியமனங்களின்போது கவனத்திற் கொள்ளப்படும்" என்று வந்திருந்தால் திகதி தரப்படவில்லை என்று அர்த்தம். கடைசியில் (ஆ)வுக்கு "எழாது" என்ற ஒற்றைச் சொல் நிற்கும். அதாவது எல்லாவற்றுக்கும் விடை சொல்லியாயிற்று, ஆகையால் ஏன் என்ற கேள்வியே எழவில்லை என்பது அதன் பொருள். திகதி கேட்ட இடத்தில் திகதி தராமல் கீழே "எழாது" என்று முடித்திருந்தால் அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அந்த விடை அமைச்சின் அதிகாரிகள் தயாரித்துக் கொடுத்தது. பிரதி அமைச்சர் அதை வாசிக்கிறார், அல்லது நீளமாக இருந்தால் சபாபீடத்தில் சமர்ப்பிக்கிறார். அவருடைய சொந்தத் திறமை தெரிவது அடுத்து வரும் மேலதிகக் கேள்விகளில். கையில் தாள் இருக்காது. கேட்டவர் அந்த வைத்தியசாலைக்குப் போய்வந்தவராக இருப்பார். துறையை அறிந்த பிரதி அமைச்சர் அந்த இடத்தில் ஊரின் பெயர், எண்ணிக்கை, தடை என்னவென்று சொல்வார். அறியாதவர் முன்னைய அரசாங்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார். பத்து வினாக்களின் மேலதிகக் கேள்விகளைத் தொடர்ந்து படித்தால் ஒருவரைப் பற்றி நாற்பது உரைகள் சொல்லாததும் தெரிந்துவிடும்.

"வினா மற்றொரு தினத்திற் சமர்ப்பிக்கப்படக் கட்டளையிடப்பட்டது" என்று அடிக்கடி வருகிறதே?

அன்றைக்கு விடை தரப்படவில்லை. அமைச்சின் சார்பில் யாராவது எழுந்து, பெரும்பாலும் ஆளுங்கட்சியின் முதற்கோலாசான் (பிரதம கொறடா), விடையளிக்க இரண்டு வாரமோ ஒரு மாதமோ அவகாசம் கேட்டிருப்பார். சில வினாக்களுக்கு உண்மையில் மாவட்டம் மாவட்டமாகத் தகவல் திரட்ட வேண்டும், அவகாசம் நியாயமே. ஆனால் ஒரே வினா இரண்டு, மூன்று தடவை தள்ளிப்போயிருந்தால் அது தனியான ஒரு செய்தி. வினாவுக்கு ஓர் இலக்கம் இருக்கும். அந்த இலக்கத்தை வைத்து அடுத்தடுத்த அமர்வுகளில் தேடினால் கடைசியில் விடை வந்ததா என்று கண்டுபிடிக்கலாம்.

இன்னொரு விடயம். வினாவைக் கேட்ட உறுப்பினர் அன்று சபையில் இல்லாததாலும் விடை வாசிக்கப்படாமல் போகலாம். அப்படியானால் பழியைப் பிரதி அமைச்சர் மேல் போடக் கூடாது.

இத்தனை தடவை பேசினார், தரவரிசையில் இத்தனையாவது இடம் என்றெல்லாம் சொல்கிறார்களே. அதை நம்பலாமா?

வெரிட்டே ரிசர்ச் நிறுவனம் 2013இல் தொடங்கிய மந்திரி.எல்கே ஹன்சாட்டை வாசித்து 225 உறுப்பினர்களின் பங்களிப்பையும் துறை வாரியாக வகைப்படுத்தியது. மூன்று மொழியிலும் அதைத் தந்தார்கள். அந்த உழைப்புக்கு நான் பெரிய மதிப்பு வைத்திருக்கிறேன். யார் எந்தத் துறையைப் பற்றிப் பேசுகிறார் என்று தெரிந்துகொள்ள இப்படிப்பட்ட தரவு நல்ல தொடக்கம்.

ஆனால் பிரதி அமைச்சரை எண்ணிக்கையால் மட்டும் அளந்தால் பிழைத்துப்போகும். எதிர்க்கட்சிப் பின்வரிசை உறுப்பினர் ஒருவர் வினா கேட்கலாம், தனியார் உறுப்பினர் பிரேரணை கொண்டுவரலாம், நாளுக்கு நாலு தடவை ஒழுங்குப் பிரச்சினை எழுப்பலாம். பிரதி அமைச்சர் தன் அரசாங்கத்திடமே வினா கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். அவர் எத்தனை தடவை விடையளிக்கிறார் என்பது அவருடைய அமைச்சிடம் எத்தனை வினாக்கள் வருகின்றன என்பதைப் பொறுத்தது. சுகாதாரத்துக்கும் கல்விக்கும் நிறைய வரும், சில அமைச்சுகளுக்கு மாதக்கணக்கில் வராது. அமைச்சர் தானே எல்லாவற்றுக்கும் விடை சொல்கிறவராக இருந்தால் பிரதி அமைச்சரின் எண்ணிக்கை இன்னும் குறையும்.

அப்படியானால் குறைவாகப் பேசுகிறவரைக் குறைசொல்ல முடியாதா?

சொல்லலாம், ஆனால் சரியான இடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தன் அமைச்சின் குழுநிலை விவாத நாளில் அவர் பேசினாரா? தன் மாவட்டத்தைப் பற்றி ஒத்திவைப்பு வேளைப் பிரேரணை (சபை கலையும் முன் ஒரு பொதுப் பிரச்சினையை விவாதிக்கக் கொண்டுவருவது) வந்த மாலையில் சபையில் இருந்தாரா? தன் துறையின் சட்டமூலம் இரண்டாம் மதிப்பீட்டுக்கு (இரண்டாம் வாசிப்புக்கு) வந்தபோது அதன் வாசகங்களைத் தொட்டுப் பேசினாரா? இந்த மூன்றிலும் பெயர் இல்லையென்றால் கேள்வி கேட்க முழு நியாயம் உண்டு.

அமைச்சுசார் ஆலோசனைக் குழுவில் அவர் செய்யும் வேலை அன்றாட ஹன்சாட்டில் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே அமைச்சர் தலைமையில் உறுப்பினர்களும் அதிகாரிகளும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பல ஊர்ப் பிரச்சினைகளைத் தீர்க்கிறார்கள்.

குழுநிலை விவாதத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

வருடத்தில் அந்த ஒரு நாளில்தான் ஓர் அமைச்சின் பணக்கணக்கு செலவினத் தலைப்பு வாரியாகச் சபைக்கு முன் வருகிறது. வழமையாக நவம்பர், டிசம்பர் மாதங்களில் நடக்கும். தேர்தல்கள் காரணமாக 2025ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் மட்டும் அதே ஆண்டு பெப்ரவரி 17இல்தான் சமர்ப்பிக்கப்பட்டது.

ஓர் எடுத்துக்காட்டு. 2025 நவம்பர் 7இல் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில் பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக உயர்த்துவதாகவும், வரவுக்கான ஊக்குவிப்பாக அரசாங்கம் நாளொன்றுக்கு 200 ரூபா தருவதாகவும் சொல்லப்பட்டது. மொத்தம் 1,750. தலைப்புச் செய்தி அதோடு முடிந்துவிடும். மலையகத்தில் கொழுந்து பறிக்கும் ஒருவருக்கு அறிய வேண்டியது அதற்கு அப்பால் இருக்கிறது. அந்த 200 ரூபா யாருடைய கணக்கு வழியாகக் கைக்கு வரும்? எத்தனை நாள் வேலைக்குப் போனால் கிடைக்கும்? நாளுக்கு இத்தனை கிலோ என்ற அளவு குறைந்தால் வெட்டுவார்களா? இவற்றைக் கேட்க வேண்டிய இடமும் விடைசொல்ல வேண்டிய இடமும் அந்த அமைச்சின் குழுநிலை நாள்தான். அன்றைய ஹன்சாட்டை எடுத்து அமைச்சரும் பிரதி அமைச்சரும் பேசியதை இந்தக் கேள்விகளோடு பொருத்திப் படியுங்கள். நன்றி கூறல்களையும் முன்னைய ஆட்சி பற்றிய பகுதிகளையும் பென்சிலால் அடித்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தால் உரையின் உண்மையான அளவு தெரியும்.

எதிர்க்கட்சியில் இருந்தபோது வேறு மாதிரிப் பேசினாரே, அதை எடுத்துக்காட்டலாமா?

கட்டாயம் எடுத்துக்காட்டுங்கள். முன்னர் உறுப்பினராக இருந்தவர் என்றால் அதே துறை பற்றி அவர் அன்று கேட்ட வினாக்கள் ஹன்சாட்டில் அப்படியே இருக்கின்றன. அன்று அவர் "இன்றேல், ஏன்?" என்று கேட்டதற்கு இன்று அவரே விடைசொல்லும் இடத்தில் இருக்கிறார். காணி விடுவிப்பு, காணாமலாக்கப்பட்டோர், தோட்டக் குடியிருப்பு போன்றவற்றில் இந்த ஒப்பீடு மிகவும் பயன்படும். ஒரே ஒரு நிபந்தனை: இரண்டு பகுதிகளையும் முழுமையாக, திகதியோடு போட வேண்டும். அன்றைய உரையில் ஒரு வரி, இன்றைய உரையில் ஒரு வரி என்று வெட்டி ஒட்டுவது நேர்மையில்லை.

சபையில் சொன்னதாக வீடியோவில் கேட்டது ஹன்சாட்டில் இல்லை. ஏன்?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, ஒலிவாங்கி திறக்காமல் கத்தியது "குறுக்கீடு" என்று மட்டும் பதிவாகும். மற்றது, அக்கிராசனத்தில் இருப்பவர் நீக்கச் சொல்லியிருப்பார். அப்போது சொற்கள் இருந்த இடத்தில் "அக்கிராசனக் கட்டளைப்படி அகற்றப்பட்டுள்ளது" என்று அடைப்புக்குள் நிற்கும். என்ன சொன்னார் என்பது போய்விடும். ஏதோ சொன்னார், அது அகற்றப்பட்டது என்பது மட்டும் மிஞ்சும். நேரடி ஒளிபரப்பைப் பார்த்தவர்களுக்கு அது காதில் விழுந்திருக்கும்.

சபையில் பொய் சொன்னால் வழக்குப் போடலாமா?

பாராளுமன்றத்துக்குள் பேசியதற்காக உறுப்பினரை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. 1953ஆம் ஆண்டின் பாராளுமன்ற அதிகாரங்கள், சிறப்புரிமைகள் சட்டம் அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. அரசாங்கத்துக்கு எதிராகப் பயமில்லாமல் பேசுவதற்கு வேண்டிய பாதுகாப்பு அது. அதே உரையைச் சபைக்கு வெளியே வந்து ஊடகத்திடம் திரும்பச் சொன்னால் பாதுகாப்பு இல்லை.

பிரதி அமைச்சர் எங்கள் ஊருக்கு ஒரு வாக்குறுதி கொடுத்தார். ஹன்சாட்டிலும் இருக்கிறது. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. என்ன செய்யலாம்?

முதலில் அந்த இடத்தைச் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: ஹன்சாட் தொகுதி, இலக்கம், திகதி, பக்கம், விடையின் சரியான வாசகம். "அமைச்சர் சொன்னாராம்" என்று போனால் எந்த அலுவலகத்திலும் எடுபடாது. வாசகத்தோடு போனால் அதிகாரி கோப்பைத் தேடித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது தகவல் அறியும் உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சம்பந்தப்பட்ட அமைச்சின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தன் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். மறுத்தால் அதே அமைச்சிலுள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கேள்வியைச் சுருக்கமாகக் கேளுங்கள்: "இன்ன திகதி பிரதி அமைச்சர் இன்ன வினாவுக்கு அளித்த விடையில் குறிப்பிட்ட வேலைக்கு இதுவரை ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு, அதற்கான கடிதங்களின் பிரதிகளைத் தரவும்." ஏன் செய்யவில்லை என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டம் இருக்கும் ஆவணத்தைத் தரச் சொல்வது, விளக்கம் எழுதித் தரச் சொல்வதல்ல.

கிடைத்த பதில் சபையில் சொன்னதோடு ஒத்துவராவிட்டால், இரண்டு தாள்களையும் சேர்த்து உங்கள் மாவட்டத்தின் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரிடமும் ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவரிடமும் கொடுங்கள். அவர்களில் ஒருவர் அதை அடுத்த வினாவாக ஒழுங்குப் புத்தகத்தில் சேர்க்கலாம். தனிப்பட்ட பாதிப்பு என்றால் ஓர் உறுப்பினர் ஊடாகப் பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கு மனுவாகவும் அனுப்பலாம். அந்த வினா சபைக்கு வரும் நாளைக் கேட்டறிந்து, காலை 9.30 தொடக்கம் நேரடி ஒளிபரப்பைப் பாருங்கள். விடையோடு அதன் மேலதிகக் கேள்விகளையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.